போதகர் சாப்பிட்டார்

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க ஐயா. சாப்பிட்டீங்களா, இல்லையா?"

"சாப்பிட்டேன்" என்றார் போதகர்.

கோயிலே அதிர்ந்துபோனது.

அன்று உபவாச ஜெபம். காலையிலிருந்து சபை மொத்தமும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தது. கதவடைப்பு நடக்கும் ஆலையின் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடக்கின்றன, அவர்களுக்காக ஜெபிப்போம் என்று உபவாசத்தை அறிவித்தவரே போதகர்தான். அன்று வீட்டில் மிச்சமாகும் அரிசி பருப்பைக் கோயிலில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். சேர்த்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சபைச் செயலாளர்தான் அந்த ஆலைக்கு மேலாளர். அவரும் உருக்கமாக ஜெபித்தார். "ஆண்டவரே, அந்த ஜனங்களுக்கு நல்ல புத்தியைக் கொடும்!" நல்ல புத்தி என்றால், கூலி உயர்வு கேட்காமல் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவது.

ஜெபத்துக்கு நடுவே முகம் கழுவ வெளியே போனவர், கோயில் சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே போதகர், தட்டில் சோற்றைக் குவித்து, கவளம் கவளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செயலாளருக்கு அது போதும். அதற்கு மேல் பார்க்காமல் ஓடி வந்து, போதகர் திரும்பியதும் சபை முன்னால் கேட்டுவிட்டார்.

"ஒரு நாள் பசி தாங்கலையா ஐயா?" என்றாள் பாடகர் குழுத் தலைவி. "சர்க்கரை வியாதிக்காரி நானே மாத்திரையைத் தள்ளி வெச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"மாத்திரையைப் போட்டுக்கோங்கம்மா. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"பேச்சை மாத்தாதீங்க!" என்றார் செயலாளர். "ஏன் சாப்பிட்டீங்க?"

"சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"சோத்துக்கு வாக்கா!" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

போதகரின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னன்னு சொல்லித் தொலைங்களேன். குடியிருக்கிற வீடும் சபையோடது. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கே போவோம்?"

"வாக்குன்னா வாக்குதாம்மா."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போதகர் பதவி விலகணும்னு நினைக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள் சங்கத்தக்கா. ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி. கோயில் வாசலை மிதிக்காதவள். மேலாளர் அறையில் மேசையைத் தட்டிப் பேசுகிறவள்.

"உட்காருங்க எல்லாரும். வாக்கு வாங்கினவ நான். நானே உடைக்கிறேன்."

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"சமையல்கட்டுல எங்க ஆளுங்க இருக்காங்க, குஞ்சும் குளுவானுமா. அடுப்பு எரிஞ்சு நாளாச்சு. இன்னைக்கும் வயிறு காஞ்சிருந்தா, திங்கக்கிழமை தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆலைக்குள்ள போயிருப்போம். ஐயா வந்து கூப்பிட்டார். பிச்சைச் சோறு வேண்டாம்னேன். 'பிச்சை இல்லம்மா, பந்தி. எங்க ஆண்டவர் கண்டவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டே கெட்ட பேர் வாங்கினவர்'னார். பந்தின்னா கூப்பிட்டவங்க கூட உட்காரணும், நீங்க முதல் கவளம் எடுத்தாத்தான் எங்க கை தட்டுக்குப் போகும்னேன். 'இன்னைக்கு எனக்கு உபவாசம்'னு ஒரு வார்த்தை சொல்லலை, மனுஷன். உட்கார்ந்தார். சாப்பிட்டார்."

"அதை ஏன் மறைக்கணும்?" என்றாள் பாடகர் குழுத் தலைவி.

"இவருக்காகத்தான்." சங்கத்தக்கா செயலாளரைக் கைகாட்டினாள். "சங்கத்துக்காரங்க கோயில் சோத்துல கொடி பிடிக்கிறாங்கன்னு நாளைக்கே ஆலை வாசல்ல எழுதி ஒட்டுவார். அதான் வெளியில விடாதீங்கன்னு வாக்கு வாங்கினேன். இப்போ சொல்றேன். நல்லா எழுதி ஒட்டட்டும்! எங்க மானத்தைக் காப்பாத்தின மனுஷனோட மானம் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

செயலாளர் சிரித்தார். "கேட்டீங்களா? ஊருக்கெல்லாம் உபவாசம், போராட்டக்காரங்களுக்குப் பந்தி! இதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு? விலகணும்னு நினைக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

முதலில் எழுந்தவள் பாடகர் குழுத் தலைவி. அவளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு எழுந்தது. அப்புறம் அடுத்த பெஞ்சு. சற்றுமுன் சிரித்த பின்வரிசையும் எழுந்தது. போதகரின் மனைவி எழுந்தாள். செயலாளரின் மனைவியும் எழுந்தாள்.

"பார்த்தீங்களா ஐயா! ஒருத்தர் பாக்கியில்லை. உங்க வீட்டம்மா உட்பட!"

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் பக்கவாட்டுக் கதவை நோக்கி நகர்ந்தது.

செயலாளர் மனைவியின் கையைப் பிடித்தார். "நீ எங்கே போற?"

"பந்திக்கு. கூப்பிட்டவங்க கூட உட்கார்ந்தாத்தானே அவங்க சாப்பிடுவாங்க? அரிசி நம்ம வீட்டுல இருந்தும்தான் வந்தது. அப்போ கூப்பிட்டவங்கள்ல நானும் ஒருத்தி." கையை விடுவித்துக்கொண்டாள். "பசிச்சா நீங்களும் வாங்க."

சமையலறையில் தட்டுகள் சத்தமிட்டன. யாரோ பாட்டை எடுத்துக்கொடுக்க, ஆலைக்காரர்களும் சபைக்காரர்களும் வாயில் சோற்றோடு பாடினார்கள். "நெருக்கி உட்காருங்கப்பா, இன்னும் ஆள் வருது!" என்று சங்கத்தக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டது.

திங்கட்கிழமை ஆலை வாசலில் ஒரு தலையும் தொங்கவில்லை. போதாததற்கு, சபையும் வந்து வரிசையில் நின்றது. அந்த வாரமே கூலி உயர்ந்தது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பசித்தவர்களுக்காக என்று தொடங்கிய அந்த உபவாசத்தை, கடைசிவரை முறிக்காமல் காப்பாற்றியவர் செயலாளர் ஒருவர்தான்.