போகி கழிந்த காலையின் தாள்

எண்ணூர் காற்று நிலையத்தில், காற்றின் அழுக்கைப் பிடிக்கும் தாளைத் தினமும் மாற்றுவது தேசம்மாளின் வேலை. முப்பது வருடத் தாள்கள் அலமாரியில் இருந்தன. பழையவை கரிக்கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு பழுப்பு. போகி கழிந்த காலையில் எடுத்த தாள், போட்டபடியே வெள்ளையாக இருந்தது.

"போகிக்கு வெள்ளையா? காத்த இழுக்குற பம்ப் ஓடியிருக்காது" என்றார் சூப்பர்வைசர் கஜபதி.

"நேத்து எடுத்த தாளும் வெள்ளையா இருந்தத நம்பாம, நீங்களே புதுசு போட்டு, பம்ப்ப ஓடவிட்டு, ரூம் சாவியையும் எடுத்துட்டுப் போனீங்களே சார்!"

கஜபதி தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதில் தேதி எழுதி அலமாரியில் வைத்தார்.

தேசம்மாள் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, ஹால்ல துணி காயுற கயித்த அவுத்து மாடில கட்டுங்க."

"கரி படியுமேடி!"

"படியாது. முதல்ல உங்க வெள்ளை வேட்டியப் போடுங்க!"