புத்தம் புதுப் பழசு

"இன்னும் ரெண்டு கீறல் போட்டா போதும், அம்பது வயசு ஆயிடும்."

தடுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது கடைக்காரரின் குரல். கூடவே உப்புத்தாள் உரசும் சத்தம்.

கிடார் கடைக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்த தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவளை அனுப்பி வைத்தது அக்கா. "உங்க மாமா கிடார் வாங்கப் போயிருக்காரு. ஆளைப் பார்த்ததும் புதுசா எதையாவது தலையில கட்டிடுவாங்க. போய்ப் பக்கத்துல நில்லு."

அக்கா வீட்டில் ஒரே சட்டம்தான். மாமா எதற்கு வேண்டுமானாலும் ஆசைப்படலாம். புதிதாக எதையும் வாங்கக் கூடாது. காரணம் படுக்கையறையிலேயே இருந்தது. ஓடுவதற்கென்று வாங்கிய டிரெட்மில்லில் துணி காய்ந்தது. நட்சத்திரம் பார்க்க வாங்கிய தொலைநோக்கியில் குடை தொங்கியது.

மாமாவிடம் இருந்த கிடாரின் கழுத்து வளைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் விழா. முதல் முறையாக மேடையில் அவர் வாசிக்கப் போகிறார். கிடார் இல்லையென்றால் அந்த இடம் அக்கவுண்ட்ஸ்காரருக்குப் போய்விடும். அக்கா பின்னாலேயே நடந்து நடந்து மாமா கெஞ்சியதில் அவள் இறங்கி வந்தாள்.

"சரி, யாராச்சும் வாசிச்சுக் கழிச்ச பழசாப் பார்த்து வாங்குங்க. புதுசு மட்டும் வந்துச்சு, நீங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ள அது திரும்பக் கடைக்குப் போயிடும்!"

இப்போது பார்த்தால் கடைக்காரர் புதுக் கிடாரைத் தேய்த்துப் பழசாக்கி, அப்பாவி மாமாவை ஏமாற்றுகிறார்!

நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள், அன்று எங்கிருந்தோ தைரியம் வந்து திரையை விலக்கினாள்.

"மாமா, வாங்காதீங்க! இது மோசடி!"

உள்ளே தரையில் சம்மணம் போட்டு, கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தது மாமா. கடைக்காரர் ஸ்டூலில் அமர்ந்து டீ குடித்தபடி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கத்தாதே, அம்மாடி!" மாமா பதறினார். "உள்ள வா, திரையை இழுத்து விடு."

"என்ன மாமா இது?"

"எலெக்ட்ரிக் கிடார்."

"அது தெரியுது. அதை ஏன் தேய்க்கறீங்க?"

மாமா சுவரைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் பெயிண்ட் உதிர்ந்த ஒரு கிடார் தொங்கியது. "அதுதான் நிஜமான பழசு. விலையைக் கேளு."

கடைக்காரர் சொன்னார். தங்கை பக்கத்திலிருந்த இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பழசுன்னா விலை கம்மியா இருக்கும்னு உங்க அக்கா நினைக்கிறா. கிடார்ல எல்லாம் தலைகீழ். அந்த ஒண்ணு வாங்கற காசுல இதுல மூணு வாங்கலாம்."

"அதை அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நம்புவாளா?"

தங்கை ஒரு நிமிடம் யோசித்தாள். "மாட்டா."

"அப்போ அந்த மூலையைப் பிடி. அசையாம இருக்கட்டும்."

பிடித்தாள்.

வீட்டில் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கிடாரைத் தூக்கி, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரோடதாம்?"

"ஒரு பெரியவரோடது. கிடாருக்கு அம்பது வயசாம். அவரு... போயிட்டாரு."

"அடப் பாவமே. என்ன ஆச்சு?"

"வயசுதான்."

"என்ன வயசு?"

மாமாவுக்கு வேறு எண் வாயில் வரவில்லை. "அம்பது."

"கிடாருக்கும் அம்பது, அவருக்கும் அம்பதா?"

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பிறந்திருக்காங்க."

தங்கை அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏய், இங்க பாரு. நீதானே கூட இருந்தே? பழசுதானே?"

"நான் பார்த்தப்போ... நல்லாத் தேஞ்சுதான் இருந்துச்சுக்கா."

"ம். வாசிங்க பார்ப்போம்."

மாமா வயரை மாட்டி வாசித்தார். முதலில் விரல் தடுமாறியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். டிரெட்மில்லில் ஏறியபோதும், தொலைநோக்கியில் கண்ணை வைத்தபோதும் அந்த முகம் அப்படி இருந்ததில்லை. அக்காவின் கையில் பூண்டு பாதி உரித்தபடியே நின்றது.

"நின்னுக்கிட்டு வாசிச்சுப் பார்க்கணும். தோள்ல மாட்டற பெல்ட் எங்க வெச்சேன்?" என்று கிடாரை சோபாவில் சாய்த்துவிட்டு மாமா படுக்கையறைக்குள் போனார்.

அப்போதுதான் தங்கை அதைப் பார்த்தாள். கம்பிகளுக்குக் கீழே இருந்த வெள்ளைத் தகட்டின் மேல், தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறை பளபளத்தது. புது செல்போன் மேல் இருக்குமே, அதே மாதிரி. ஒரு ஓரம் லேசாகக் கிளம்பி, மின்விசிறிக் காற்றில் துடித்தது. மத்தியானம் முழுக்கத் தேய்த்தவர்கள் இதை உரிக்க மறந்துவிட்டார்கள்.

அவள் மெதுவாக அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

தங்கை இழுத்தாள். "அக்கா, அது வந்து..."

அக்கா எழுந்தாள். படுக்கையறைக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கிளம்பியிருந்த ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கம்பிகளுக்கு அடியில் விட்டு, ஒரே இழுப்பாக இழுத்தாள்.

சர்ர்ர்.

"என்ன சத்தம்?" உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

"ஒண்ணுமில்ல, நீங்க தேடுங்க!"

உறையை உள்ளங்கையில் கசக்கிச் சுருட்டிக் குப்பைக்கூடையின் அடியில் திணித்து, அதன்மேல் பூண்டுத்தோலை அள்ளிப் போட்டு மூடினாள்.