பின்பக்கப் பொத்தான்கள்

விபத்தில் வலது கை போன பிறகு ஜெபராஜ் தன் கையடக்க வீடியோ கேமைத் தொடவே இல்லை. தங்கை எஸ்தர்தான் ஒருநாள் அதைக் கழற்றினாள். வலப்பக்கப் பொத்தான்களிலிருந்து ஒயர் இழுத்து, அவனுடைய இடது கை விரல்கள் பதியும் இடமாகப் பார்த்துப் பின்பக்கத்தில் புதுப் பொத்தான்களைப் பற்றவைத்தாள். விரலையும் சுட்டுக்கொண்டாள்.

"இனி ஒத்தைக் கையாலயே ஆடலாம்ணே. வா, கார் ரேஸ் விடுவோம்" என்று தன்னுடையதைக் கேபிள் போட்டு அதோடு இணைத்தாள்.

அவன் வேண்டாவெறுப்பாக வாங்கினான். முதல் வளைவிலேயே அவன் கார் சுவரில் மோதி நின்றது. அவன் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் எஸ்தர் தன் காரை மெதுவாக்கினாள். அவன் முந்திப்போய் ஜெயித்தான். பிறகு அவளையே பார்த்தான்.

"ஏட்டி, பிச்சையா போடுத?"

"இல்லண்ணே..."

"ஒழுங்கா ஆடு. இல்லன்னா எந்திரிச்சுப் போ."

அடுத்த ஆட்டத்தில் எஸ்தர் அவனை இரக்கமே இல்லாமல் தோற்கடித்தாள். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். ஜெபராஜ் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கருவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இன்னொண்ணு போடு."