எட்டு மணிக்கு வருகிறவர்

ஓய்வு பெற்றவர்கள் தினமும் தொண்டு செய்தால்தான் ஓய்வூதியம் என்ற சட்டம் நேற்று ரத்தானது. என் மனைவி இறந்த பிறகு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்தச் சட்டம் அனுப்பியவர்தான் சவரிமுத்து, முன்னாள் பஸ் டிரைவர். சரியாக எட்டு மணிக்கு வாசல் மின்திரையில் முகம் காட்டுவார்; நேரம் பதிவாகி, கதவு தானே திறக்கும்.

இன்று எட்டரை ஆகியும் வரவில்லை. ஒன்பதுக்கு நான் ஆலையில் இல்லையென்றால் வேலை போய்விடும். குழந்தை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. ‘பணிப் பட்டியலில் இல்லாதவர்’ என்றது திரை. கையால் திறந்தேன்.

“வரமாட்டீங்கன்னு நெனச்சேன், சார்.”

“இன்னிக்கு யாரு தம்பி என் நேரத்தைக் குறிக்கப்போறா? ரிட்டயர் ஆனப்புறம் இன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன். புள்ளையக் குடுத்துட்டு ஓடுங்க.”