களாவுக்கு ஆகாத தண்ணீர்

மாடியில் என் மனைவி பவளக்கொடி இரண்டு தொட்டிகள் வைத்திருந்தாள். நிழலில் இருந்த புதினாவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவாள். வெயிலில் இருந்த களாச்செடியைக் காயப்போடுவாள். “வாடினாத்தாங்க இது பூக்கும்” என்பாள். அந்த முதல் பூவைப் பார்க்காமலே போய்விட்டாள்.

துணைக்கு வந்திருந்த என் தங்கை, “அண்ணி போன ஏக்கத்துல களா வாடிக் கெடக்குண்ணே, நான் தண்ணி ஊத்துறேன்” என்றாள். காதில் வாங்காமல் தலையாட்டினேன்.

காரியம் முடிந்த மறுநாள்தான் மாடி ஏறினேன். புதினா தொட்டி நிறையத் தழைத்திருந்தது. களாவைத் தொட்டதும் அழுகிய வேரோடு கையில் வந்தது. நுனியில் கறுத்துப்போன மொட்டுகள்.

மதியம் தங்கை புதினாத் துவையல் வைத்தாள்.

“நல்லாருக்காண்ணே?”

“நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் வை.”