அசெம்பிள் பண்ண எத்தனை நாள்?

"வீட்டுல ஒண்ணு லீவுன்னு உக்காந்திருக்குங்க. அதுக்கு கேம் விளையாடற கம்ப்யூட்டர் வேணும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையை மேஜை மேல் வைத்தார் அந்த அம்மா. அவர் வயசைப் பார்த்த கடைக்காரர், காலம் கடந்து பிறந்த ஒற்றைப் பிள்ளையாக இருக்கும் என்று முடிவு கட்டினார்.

நேராக ஜன்னலோரம் அழைத்துப் போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாய் விளக்கெரிய, ஒரு ரெடிமேட் கம்ப்யூட்டர் நெடுநாளாய்க் குடியிருந்தது. மீன் இல்லாத மீன்தொட்டி என்று அவர் மனைவி அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். இன்றைக்கு எப்படியாவது அதை வழியனுப்பிவிட வேண்டும்.

எல்லாம் பூட்டித் தயாராக இருக்கிறது, வீட்டுக்குப் போய் பிளக்கைச் சொருகினால் போதும், டீ ஆறுவதற்குள் விளையாட உட்கார்ந்துவிடலாம் என்று அளந்தார்.

அந்த அம்மாவின் முகம் தொங்கிப்போனது. "அவ்வளவு சீக்கிரமாவா? வேற வழி இல்லையா?"

இருக்கிறது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே அசெம்பிள் பண்ணலாம் என்றார் கடைக்காரர். அதில் அந்த அம்மாவுக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்று அதன் கஷ்டங்களையும் கண், காது, மூக்கு வைத்துச் சொன்னார். ஸ்குரூ ஒவ்வொன்றும் கடுகளவு. ஒன்று கீழே விழுந்தாலும் வீடு முழுக்கத் தவழ்ந்து தேட வேண்டும். எந்த ஒயர் எங்கே போகும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கண் பூத்துவிடும். எல்லாம் முடித்து பட்டனை அமுக்கினால் ஒன்றும் எரியாது. பிரித்துப்போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு கஷ்டத்துக்கும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசிக் கஷ்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

"அசெம்பிள் பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"நம்ம கடைப் பையன் சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடுவான்."

"அந்தப் பையன் வேண்டாங்க. ஒண்ணும் தெரியாத ஆள் பண்ணினா?"

"ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும்."

"அதுக்கு மேல இழுக்காதா?"

கடை திறந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டே கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ரெடிமேட் கெட்டுப்போனால் ஆள் வீடு தேடி வந்து சரிசெய்து கொடுப்பார். சொந்தமாகச் செய்தது கெட்டுப்போனால் நாமேதான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எது பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

"அதுக்கு வேற தனியா நாள் ஆகும், இல்ல? அதையே குடுத்துடுங்க."

அதற்குள் அந்த அம்மாவின் போன் அடித்தது. "தையல் மெஷினைக் கழட்ட வேண்டாம், நல்லாத்தான் ஓடுது" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மிக்சியுமா?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போனை வைத்ததும் மனசிலிருந்ததைக் கொட்டிவிட்டார். இத்தனை வருஷமும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புமாம். இப்போது விடிந்ததிலிருந்து அவர் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம். தைக்க வந்த துணிகளை நிறம் பார்த்து அடுக்கி வைத்ததில், யார் சட்டை யார் வீட்டுக்குப் போனது என்றே தெரியவில்லையாம். போனில் கார் ஓட்டி விளையாடுகிற கொஞ்ச நேரம்தான் வீடு வீடாக இருக்கிறதாம்.

ஸ்கூல் விட்டதும் அப்படியே டியூஷனுக்கு விரட்டிப் பழக்கியிருப்பார்கள், பாவம், லீவில் துறுதுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் மேல் செய்முறைப் புத்தகத்தை வைத்தார். அந்த அம்மா அதை எடுத்து அவர் பக்கமே தள்ளினார்.

"இது இங்கயே இருக்கட்டும்."

"இது இல்லாம எப்படிங்க அசெம்பிள் பண்றது?"

"மெதுவா."

அதோடு விடவில்லை. ஸ்குரூப் பொட்டலங்களைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக் கலந்து தரச் சொன்னார்.

கடைக்காரர் வேண்டா வெறுப்பாகப் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டினார். பெற்றவளுக்கு இப்படி மனசு வருமா? மூத்த தாரத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். நாளெல்லாம் தரையில் தவழ்ந்து ஸ்குரூ பொறுக்கும் பிஞ்சு விரல்களை நினைத்துப் பார்த்தார். வியாபாரம் கிடக்கட்டும், பாவம் பொல்லாதது. அந்த அம்மா வெளியே கார் கதவைத் திறக்கப் போன நேரத்தில், புத்தகத்தை ஒரு பெட்டிக்குள் நைசாகச் செருகினார். துணைக்கு நல்ல ஸ்குருடிரைவர் ஒன்றையும் தன் அன்பளிப்பாக உள்ளே போட்டார்.

பெட்டிகளை அவரே தூக்கிப் போய் காரில் ஏற்றினார். அப்போதும் மனசு ஆறவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. யார் வயித்துல பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான். ரொம்பப் படுத்தாதீங்க, படிக்கிற வயசு."

அந்த அம்மா கதவைப் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"படிக்கிற வயசா? என் வீட்டுக்காரர் போன மாசம்தாங்க ரிட்டயர் ஆனாரு."