ஜாடிக்குள் இரண்டு கோடுகள்

அன்று காலையும் அவர் தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, மேஜையெல்லாம் சிந்தினார்.

"பாதி ஊத்தினா ஆகாதா?" என்றாள் மனைவி.

"குறையா ஊத்தினா அது தண்ணியா? நீ மட்டும் நான் ஏலத்துல எடுத்த ஜப்பான் ஜாடியில பூ கீ வெச்சுடாதே. கறை பிடிக்கும்."

"உங்க மூத்த சம்சாரத்தை நான் தொடுவேனா?"

அன்று மதியமே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

பார்த்தாலே அழுகை வருகிறதென்று மூன்று மாதம் கழித்து ஜாடியை விற்கத் துணிந்தாள். பழம்பொருள் வியாபாரி உள்ளே டார்ச் அடித்தபோது அவளுக்குப் படபடத்தது. பத்து வருடமாக, அவர் ஆபீஸ் போனதும் அதில் பூ வைப்பாள். அவர் திரும்பும் ஆறு மணிக்குள் எடுத்துத் துடைத்துவிடுவாள்.

"தண்ணிக் கறை இருக்கும்மா. ரெண்டு கோடு."

"ரெண்டா? நான் எப்பவும் பாதிதானே ஊத்துவேன்!"

"ஒண்ணு பாதியிலதான். இன்னொண்ணு வாய் விளிம்புல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும்.

"நான் அக்கா வீட்டுக்குப் போனப்பல்லாம் இந்த வேலையா? திருட்டு மனுஷன்!"

ஜாடியை விற்கவில்லை. பூ வைத்தால் கேட்க இப்போது யாருமில்லை. ஆனாலும் ஆறு மணிக்குள் எடுத்துத் துடைத்துவிடுகிறாள்.